மடியில் கனம்

(ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பருத்திக் காட்டில் பஞ்சு எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முந்தானையை இடுப்பைச் சுற்றி வளைத்து முன்பக்கம் தொங்கலாகக் கட்டிக்கொள்வார்கள். எடுக்க எடுக்கப் பஞ்சு அதற்குள் விழும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அந்தக் கட்டுக்கு எங்கள் ஊரில் மடி என்று பெயர். பிள்ளையைக் கிடத்தித் தட்டிக்கொடுக்கும் இடமும் மடிதான். பசுவுக்குப் பால் இறங்கும் இடமும் மடிதான். சுமக்கிற இடம், உறங்க வைக்கிற இடம், பால் சுரக்கிற இடம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது நம் மொழி.

இன்றைக்கு நான் பேச வந்தது கங்காருவின் வயிற்றுப் பையைப் பற்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். பை என்று சொன்னதும் பிள்ளைகள் மனதில் மஞ்சப்பை வந்துவிடும். குட்டி எங்கோ பிறக்கிறது, கொஞ்சம் வளர்கிறது, பிறகு தாய் அதைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு குதித்து ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கார்ட்டூன் படங்களிலும் அப்படித்தானே வரைகிறார்கள்? சட்டைப் பை மாதிரி ஒன்று, அதிலிருந்து சிரித்த முகத்தோடு எட்டிப் பார்க்கும் ஒரு குட்டி. ஆனால் கங்காருவிடம் இருப்பது மேலே நான் சொன்ன மூன்று பொருளும் ஒன்றுசேர்ந்த மடி. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

செங்கங்காருவை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், மழை குறைந்த வறண்ட நிலத்தில் வாழ்வது. இன்று உயிரோடிருக்கும் பைப்பாலூட்டிகளில் இதுதான் பெரியது. நம் வீட்டு ஆடு ஐந்து மாதம் சுமக்கிறது, நாய் இரண்டு மாதம் சுமக்கிறது. ஆளுயரம் நிற்கும் இந்தக் கங்காரு சுமப்பதோ ஏறத்தாழ 33 நாள். பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு, நீளம் மொச்சைக் கொட்டை அளவு. தாயின் எடையை முப்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் அறுபது கிலோ எடையுள்ள நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால், அது இரண்டு கிராம்கூடத் தேறாது.

அந்தப் பிறப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நேரம் நெருங்கியதும் தாய் மடிக்குள் தலையை விட்டு உட்புறத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. பிறகு வாலை இரண்டு பின்னங்கால்களுக்கு நடுவே முன்னால் நீட்டிப் போட்டு, வாலடியில் பாரத்தை இறக்கி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறது. குட்டி வெளியே வருகிறது. இளஞ்சிவப்பு நிறம். உடம்பில் ஒரு முடி கிடையாது. கண் திறக்கவில்லை, காது திறக்கவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் வெறும் மொட்டு. பெரியவனானதும் ஒரே தாவலில் பல மீட்டர் தாண்டப்போகிற கால்கள் அவை! ஆனால் முன்னங்கைகள் மட்டும் தயாராக இருக்கின்றன. விரல் பிரிந்திருக்கிறது, நகம் இருக்கிறது, தோளில் வலு இருக்கிறது. மூக்குத் துளைகள் திறந்திருக்கின்றன, வாய் பெரிதாக இருக்கிறது. பிடிக்க, மோப்பம் பிடிக்க, கவ்வ எது வேண்டுமோ அது மட்டும் முந்தி வளர்ந்திருக்கிறது.

அந்த மொச்சைக் கொட்டை தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஒரு கை, அடுத்த கை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ஏறுகிறது. தாய் அதைத் தூக்கி விடுவதில்லை, தள்ளி விடுவதில்லை. தாய் நக்கிப் பாதை போட்டுக் கொடுக்கிறது என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். பிரசவ நீரைத் துடைப்பதற்காகத்தான் அது நக்குகிறது. குட்டி தன் முயற்சியிலேயே சில நிமிடங்களில் மடியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. உள்ளே நான்கு காம்புகள். ஒன்றைக் கவ்வுகிறது. கவ்விய மாத்திரத்தில் காம்பின் நுனி வாய்க்குள் பருத்துவிடுகிறது, இனி விழ வழியில்லை. அடுத்த எழுபது நாள் அளவுக்கு வாய் அந்தக் காம்பை விட்டு வருவதில்லை. தொப்புள்கொடி அறுந்த அன்றே இன்னொரு கொடி பிடித்துக்கொண்ட மாதிரி.

காம்பு இப்படிப் பருத்துவிடுவதால் வந்த குழப்பம் ஒரு தனிக் கதை. 1629ஆம் ஆண்டு பட்டாவியா என்ற டச்சுக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் உள்ள அப்ரோலாஸ் தீவுக்கூட்டத்தில் மோதி உடைந்தது. அதன் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட், தீவில் இருந்த வாலபி என்னும் சிறிய கங்காரு இனத்தைப் பார்த்து எழுதி வைத்தார். மடியைத் திறந்து பார்த்தால் அவரை விதை அளவில் ஒரு குட்டி காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் வரவில்லை. ஆகவே குட்டிகள் காம்பிலிருந்தே காய் போலக் காய்க்கின்றன என்று முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஏறுவதை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கும் முன்னால், 1500ஆம் ஆண்டு, பின்சோன் என்ற ஸ்பானிய மாலுமி பிரேசில் கரையிலிருந்து ஓபோசம் என்ற பைவிலங்கைக் கொண்டுபோய் ஸ்பெயின் அரசவையில் காட்டினார். ஐரோப்பா பார்த்த முதல் வயிற்று மடி அது. அமெரிக்காவில் வாழும் ஓபோசம் பற்றி ஒரு கதை வெகுகாலம் உலவியது: ஆண் மூக்கு வழியாகச் சேர்கிறது, பெண் தும்மிக் குட்டிகளை மடிக்குள் ஊதுகிறது என்று. பிரசவத்துக்கு முன் அது மடிக்குள் மூக்கை நுழைத்து நக்குவதைப் பார்த்தவர்கள் கட்டிய கதை. டெக்சாஸில் கார்ல் ஹார்ட்மன் என்ற ஆய்வாளர் இரவெல்லாம் காத்திருந்து குட்டிகள் பிறந்து ஏறுவதைக் கண்ணால் கண்டு 1920இல் எழுதிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒருவர் வெகுகாலக் கட்டுக்கதையை முடித்து வைத்தார். பிள்ளைகளே, அறிவியல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. கங்காரு என்றால் அந்த ஊர் மொழியில் 'எனக்குத் தெரியாது' என்று பொருள் என ஒரு கதை சொல்வார்கள். அது தவறு. 1770இல் கேப்டன் குக்கின் குழு வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் கூகு யிமிதிர் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பெயர் அது. அந்த மொழியில் ஒருவகைக் கங்காருவுக்கு கங்குரு என்றே பெயர். அந்த மக்கள் தெரிந்துதான் சொன்னார்கள்.

இப்போது மடிக்குள் வருவோம். பைப்பாலூட்டிகளுக்கு மேலைநாட்டார் வைத்த மார்சூப்பியல் என்ற பெயர், பணம் வைக்கும் சிறு பையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருந்தார்களே, சுருக்குப்பை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காரு மடியின் வாயைச் சுற்றித் தசை இருக்கிறது. தாய் நினைத்தால் இறுக்கலாம், தளர்த்தலாம். உள்ளே ரோமம் குறைந்த வெதுவெதுப்பான தோல். குட்டிக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் இன்னும் வரவில்லை, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. இரண்டையும் மடிதான் கொடுக்கிறது. குட்டியின் கழிவைத் தாய் நக்கி எடுத்துவிடுகிறது. சுத்தத்துக்குச் சுத்தம், வறண்ட நிலத்தில் பாலாகப் போன தண்ணீரில் ஒரு பங்கு தாய்க்கே திரும்பவும் கிடைக்கிறது.

ஐந்து மாத அளவில் குட்டி தலையை வெளியே நீட்டுகிறது. ஆறு மாதம் கடந்தபின் முதல்முறை கீழே இறங்கி, நாலு தாவு தாவி, பயந்துபோய்த் தலைகீழாக உள்ளே பாய்கிறது. ஏறத்தாழ 235 நாளில் மடியை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறது. ஆனாலும் ஒரு வயதாகும்வரை வெளியே நின்றபடி தலையை மட்டும் உள்ளே விட்டுப் பால் குடிக்கும். கருப்பையில் ஒரு மாதம், மடியில் எட்டு மாதம். நாம் கருப்பை என்று பெயரிலேயே பை வைத்திருக்கிறோம். கங்காருவுக்கு உள்ளே இருப்பது சிறிய கருப்பை, வெளியே இருப்பது பெரிய கருப்பை. பிறப்பு என்பதை ஒரு நாள், ஒரு நாழிகை என்று குறித்து ஜாதகம் எழுதுகிறோமே, இந்தக் குட்டிக்கு எந்த நாளைக் குறிப்பது? கருப்பையை விட்டு வந்த நாளையா, மடியை விட்டு இறங்கிய நாளையா?

இதைவிட வியப்பானது பால். மூத்த குட்டி வெளியே நின்று குடிக்கும் காலத்தில் மடிக்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். அது வேறொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். மூத்ததின் காம்பில் வருவது கொழுப்பு மிகுந்த கெட்டிப்பால். இளையதின் காம்பில் வருவது நீர்த்த, சர்க்கரை மிகுந்த பால். ஒரே தாய், ஒரே ரத்தம், ஒரே நேரம், அடுத்தடுத்த காம்பில் இரண்டு விதப் பால். மூன்றாவது பிள்ளையும் ஒன்று உண்டு. குட்டி ஈன்ற ஓரிரு நாளில் செங்கங்காரு மறுபடி கருத்தரித்துவிடும். அந்தக் கரு நூறு செல் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கருப்பையில் காத்திருக்கும். மடியில் உள்ள குட்டி காம்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை அதற்கு உத்தரவு வராது. மூத்தது வெளியேறும் காலம் நெருங்கும்போதுதான் அது மறுபடி வளரத் தொடங்கும். மடி காலியான ஓரிரு நாளில் புதியது வந்து ஏறும்.

கடும் வறட்சி வந்தால் நடப்பதைச் சொல்ல மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். தாய்க்குப் பச்சை கிடைக்காமல் பால் வற்றும். மடிக் குட்டி இறந்துபோகும். உடனே காத்திருந்த கரு வளரத் தொடங்கி, ஒரு மாதத்தில் அடுத்த மொச்சைக் கொட்டை மேலே ஏறும். மழை வந்துவிட்டால் அது பிழைக்கும். வராவிட்டால் அதுவும் போகும், அடுத்தது வரும். வறட்சி மிக நீண்டால் ஈனுவதே நின்றுபோகும். பிள்ளைக்காகத் தாய் சாவதில்லை இங்கே. தாய் பிழைத்தால்தான் அடுத்த மழைக்குப் பிள்ளை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பது நம் பழமொழி. வேட்டை விலங்கு துரத்தும்போது உயிர் போகிற நெருக்கடியில் தாய் மடித்தசையைத் தளர்த்திவிடுவதும், வளர்ந்த குட்டி கீழே விழுந்துவிடுவதும் உண்டு. இதை மனிதத் தாயின் தராசில் வைத்து நிறுப்பது சரியல்ல. பல கோடி ஆண்டு வறட்சியும் வேட்டையும் எழுதிய கணக்கு அது.

எல்லா மடிக்கும் வாய் மேலே பார்த்து இருப்பதில்லை. வோம்பட் என்ற பருத்த விலங்கு மண்ணைத் தோண்டி வளையில் வாழ்வது. அதன் மடிக்கு வாய் பின்பக்கம். முன்பக்கம் இருந்தால் தோண்டும் மண்ணெல்லாம் பிள்ளை மேல் கொட்டும். மண்ணைக் கிளறி இரை தேடும் பாண்டிகூட்டுக்கும் அப்படியே. இந்தப் பெயரைக் கேட்டதும் தெலுங்கு தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பந்திகொக்கு, அதாவது பன்றியெலி என்று தெலுங்கில் நம்மூர்ப் பெருச்சாளிக்குப் பெயர். ஆங்கிலேயர் அதைப் பாண்டிகூட் ஆக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் பெருச்சாளி சாயலில் ஒரு பைவிலங்கைக் கண்டு அதே பெயரைச் சூட்டினார்கள். கிருஷ்ணா கோதாவரிக் கரைச் சொல் அங்கே ஒரு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மரத்திலேயே வாழும் கோலாவின் மடிக்கும் வாய் கீழ்நோக்கித்தான். யூகலிப்டஸ் இலையைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் குட்டியின் குடலில் கிடையாது. மடியிலிருந்து தலையை நீட்டி, தாய் வெளியேற்றும் மென்மையான ஒரு கழிவை உண்டுதான் அது அவற்றைப் பெறுகிறது. நீரில் வேட்டையாடும் யாபோக் என்ற தென்னமெரிக்க விலங்கு, நீந்தும்போது மடியின் வாயைத் தண்ணீர் புகாமல் இறுக்கிக்கொள்ளும். டாஸ்மேனியப் பிசாசு என்று பெயர் வாங்கிய விலங்குக்கு ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள். மடியிலோ நான்கு காம்புகள். முந்தி ஏறிய நால்வருக்குத்தான் வாழ்வு.

நம் நாட்டில் ஏன் இவை இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தென்னமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்த காலத்தில் பைப்பாலூட்டிகள் அண்டார்டிகா வழியாக நடந்தே ஆஸ்திரேலியா சேர்ந்தன. அண்டார்டிகாவின் சீமோர் தீவில் 1982இல் கிடைத்த தொல்லெச்சம் அதற்குச் சாட்சி. இந்தியா அந்தக் கூட்டத்திலிருந்து வெகு முன்னதாகவே பிரிந்து வடக்கே கிளம்பிவிட்டது.

ஆனால் பிள்ளை வளர்க்கும் பை நம் கடலில் இருக்கிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் நடுவே வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் கடல்குதிரையைச் சொல்கிறேன். அங்கே பை அப்பனுக்கு! பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிட்டுப் போய்விடும். ஆண் உள்ளேயே அவற்றைக் கருவுறச் செய்து, பையின் ரத்தக் குழாய்கள் வழியே உயிர்வளி கொடுத்து, உள்ளே இருக்கும் நீரின் உப்பை மெல்ல மெல்லக் கடல்நீருக்கு இணையாக்கிப் பழக்குகிறது. சில வாரங்கள் கழித்து உடம்பை வளைத்து வளைத்து முக்கி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. இழுவை மடியில் சிக்கி மேலே வரும் கடல்குதிரையைக் காயவைத்து மருந்துச் சரக்காக விற்கும் வழக்கம் இருந்தது. பாருங்கள், மீனவர் வலைக்கும் நம்மிடம் மடி என்றே பெயர்! 2001இல் கடல்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். வயிறு புடைத்த ஓர் ஆணைக் காயவைப்பது ஒரு தலைமுறையையே காயவைப்பது.

ஆஸ்திரேலியச் சாலைகளில் இரவில் வண்டி மோதிக் கங்காருக்கள் சாவது வாடிக்கை. அங்குள்ள வனவிலங்குத் தொண்டர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, முதலில் மடியைத்தான் பார்க்கிறார்கள். தாய் செத்துக் கிடக்க, மடிக்குள் குட்டி உயிரோடு காம்பைப் பிடித்தபடி இருக்கும். அதைப் பிய்த்து இழுத்தால் வாய் கிழிந்துவிடும். இறந்த தாயின் காம்பைக் கத்தரித்து, காம்போடு சேர்த்துக் குட்டியை எடுத்து, துணிப்பையில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். 2019-20 காட்டுத்தீயின்போது உலகின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் இத்தகைய துணிப்பைகளைத் தைத்து அனுப்பினார்கள். தாயில்லாத குட்டிக்கு மருந்துக்கும் முன்னால் வேண்டியிருந்தது ஒரு மடி.

இந்த உண்மையை மனிதக் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தவர் ஒரு மருத்துவர். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் அதிகம், இன்குபேட்டர்கள் குறைவு. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று, சாவு. 1978இல் அங்கே பணியாற்றிய எட்கர் ரேய் சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கச் சொன்னார். தாயின் உடம்புச் சூடே இன்குபேட்டர், தாய்ப்பாலே மருந்து. அதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். 2021இல் வெளிவந்த ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் ஒன்று. உடல்நிலை தேறட்டும் என்று காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்டவர்களில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. தேறியபின் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15.7. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது.

என் அக்கா மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. 1,450 கிராம். தலையில் குல்லாய், காலில் சின்ன உறை, இடுப்பில் ஒரு துணி, வேறொன்றும் இல்லை. சாய்வு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, "பாப்பா தலையை ஒரு பக்கமாத் திருப்பி வைங்கம்மா, மூக்கு அடைபடக் கூடாது" என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தவளை மாதிரி கைகால் மடங்கி மார்பின் நடுவே படுத்த பிள்ளையை ஒரு துணியால் அவளோடு சேர்த்துக் கட்டினார். என் அக்கா பதறினாள்: "எந்நேரமும் மேல போட்டு வச்சா கைச்சூடு பழகிடாதா தம்பி? கீழ விடவே முடியாதே!" நான் சொன்னேன்: "பழகட்டும்க்கா. அந்தச் சூட்டுலதான் அது பொழைக்கணும்." இரவில் அவள் கண் அயர்ந்தபோது மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு, தன் மார்பில் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடல்குதிரையைப் பற்றிச் சற்று முன்பு சொன்னேனே, அப்போது எனக்கு மனதில் வந்தவர் அவர்தான்.

அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எடை குறைந்து ஒரு பிள்ளை பிறந்தால், கைச்சூடு பழகிவிடும் என்று சொல்லி அதைத் தொட்டிலுக்கு அனுப்பாதீர்கள். கங்காரு முறை பற்றி மருத்துவரிடமும் நர்ஸிடமும் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சமையல் வேண்டாம், துணி துவைக்க வேண்டாம். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள். அவள் களைத்தால் அப்பா வாங்கிக்கொள்ளட்டும், பாட்டி வாங்கிக்கொள்ளட்டும்.